மணலில் பிறந்த மெட்ராஸ் முறை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. கோல்ஃப் ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1833-ல் திறந்த ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது. அதன் பெயர் ‘மெட்ராஸ் காலேஜ்’. அந்தக் குளிர்தேசத்துப் பிள்ளைகளுக்கும் நம் சென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று தேடிப் போனால், எழும்பூரில் ஒரு தட்டு மணலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உலகம் முழுக்கப் பரவிய ஒரு கல்விமுறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர். மாணவனே மாணவனுக்குக் கற்றுத்தருவது அதன் அடிப்படை. லண்டன், நியூயார்க், பாரிஸ், தென்னமெரிக்காவின் கராகஸ் வரை அது போனது. கம்ப்யூட்டரும் தொடுதிரையும் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, வகுப்பறைக்குள் வந்த ஒரு மலிவான கருவி ஆசிரியர் யார், மாணவர் யார் என்ற வரிசையையே கலைத்துப் போட்டது. அந்தக் கருவி மணல்.

ஓலைக்கு முந்தைய பாடம்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பையனிடம் முதல் நாளே ஓலையைக் கொடுத்துவிட மாட்டார்கள். எழுத்தாணி பிடிப்பது கைப்பழக்கம் முற்றியவர்கள் வேலை. அதிகம் அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் கோடு விழாது, தப்பாகக் கீறிவிட்டால் அழிக்க வழியில்லை. ஆகவே முதல் பாடம் தரையில்தான். மணலைப் பரப்பி, பிள்ளையின் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ என்று இழுக்க வைப்பார்கள். வாய் எழுத்தைச் சொல்லும், விரல் அதன் வடிவத்தைப் போடும். சரியாக வந்தால் அடுத்த எழுத்து. வராவிட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், மணல் பழையபடி வெறுமையாகிவிடும். தப்புக்குச் செலவே இல்லை.

மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஓலை எழுதுகிறவன் கைக்குள் இருக்கும். மணல் எல்லோருக்கும் நடுவில் கிடக்கும். யார் எந்தச் சுழியை விட்டான், யார் கொம்பைத் திருப்பிப் போட்டான் என்பது சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். பார்த்தவன் கைநீட்டித் திருத்திவிடலாம். ஆசிரியரான அண்ணாவி எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதை வெளியூர்க்காரர் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, 1623-ல் கன்னட நாட்டு இக்கேரிக்கு வந்தார். அங்கே ஒரு கோயில் முகமண்டபத்தில் நான்கு சிறுவர்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ராகம் போட்டு ஒரு வாய்பாட்டைப் பாடுவான். பாடிக்கொண்டே தரையில் பரப்பிய பொடிமணலில் அந்த எண்ணை விரலால் எழுதுவான். மற்ற மூவரும் அதையே பாடி அதையே எழுதுவார்கள். தரை எண்களால் நிறைந்ததும் அழித்துவிட்டு, பக்கத்தில் குவித்து வைத்திருந்த மணலில் கொஞ்சம் எடுத்துத் தூவிக்கொண்டு தொடர்வார்கள். வாத்தியார் யாரும் அங்கே இல்லை. ஒருவனுக்கு மறந்துபோனால் யார் சொல்லித்தருவார் என்று தெல்லா வல்லே கேட்டார். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் மறந்துபோக வாய்ப்பே இல்லை என்றார்கள் அந்தப் பிள்ளைகள். பாடத்தைப் பத்திரப்படுத்த ஒருவர் தலையைவிட நான்கு பேர் தலை நம்பகமானது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எண்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு வெளிநாட்டவர் வெறுமனே பார்த்துவிட்டுப் போகாமல், மணலுக்கு முன்னால் தானே உட்கார்ந்தார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரி சீகன்பால்குவுக்குத் தமிழ் ஓரெழுத்தும் தெரியாது. அவர் ஒரு வயதான தமிழ் உபாத்தியாயரைப் பிடித்து, அவருடைய பள்ளிக்கூடத்தையே தன் வீட்டில் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, அவர்கள் விரல் போகிற போக்கைப் பார்த்து மணலில் அரிவரி எழுதினார். போதிக்க வந்தவர் முதலில் பிள்ளைகளின் சகமாணவர் ஆனார். பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த கை அந்த மணலில் பழகிய கைதான்.

எழும்பூர் அநாதைப் பள்ளி

ஆண்ட்ரூ பெல் 1753-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழில் செய்தவர். பெல் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தார், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், ஊர் திரும்பிப் பாதிரியானார், 1787-ல் மதராஸுக்குக் கப்பல் ஏறினார். கணக்கிலும் கெட்டி, காசிலும் கெட்டி. கிழக்கிந்தியக் கம்பெனியின் பல படைப்பிரிவுகளுக்கு ஒரே நேரத்தில் பாதிரியாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்பளம் வாங்கினார். கூடவே கொண்டுவந்திருந்த விஞ்ஞானக் கருவிகளை வைத்து ஊர்ப் பெரிய மனிதர்களுக்குச் சொற்பொழிவும் நடத்தினார்.

1789-ல் எழும்பூரில் ராணுவச் சிறுவர்களுக்கான அநாதை இல்லம் தொடங்கியபோது அதன் பொறுப்பை பெல் ஏற்றார். இதற்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று எழும்பூர் ரயில் நிலையம் நிற்கும் பக்கத்தில் அப்போது ஒரு சிறு கோட்டை இருந்தது. இல்லம் அங்கேதான் நடந்தது. பிள்ளைகள் கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மகன்கள். தகப்பன் போரிலோ காய்ச்சலிலோ செத்திருப்பான், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பான். தாய் பெரும்பாலும் இந்த மண்ணின் பெண். தாய்மாரின் பழக்கவழக்கங்களிலிருந்து இந்தப் பிள்ளைகளைப் பிரித்து வளர்ப்பதுதான் நல்லது என்று பெல் உறுதியாக நம்பினார். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த பாடம் அந்தத் தாய்மாரின் ஊர்த் தெருவிலிருந்துதான் வந்தது.

பள்ளி ஒழுங்காக நடக்கவில்லை. உதவி ஆசிரியர்களுக்குச் சம்பளம் குறைவு, அக்கறை அதைவிடக் குறைவு. ஏ, பி, சி-யைத் தாண்டவே சின்னப் பையன்கள் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். அப்படி இருக்கையில் ஒருநாள் காலை பெல் குதிரையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு ‘மலபார்ப் பள்ளி’. அன்றைய ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் எழுதுவார்கள். அது நம் திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் பரபரப்போடு வீட்டுக்குத் திரும்பினார். கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவாத குறையாக வந்தார் என்கிறது அவருடைய வரலாறு.

உதவி ஆசிரியர் முடியாது என்றார்

கதையில் பலர் தவறவிடும் இடம் இதுதான். பெல் மணலைக் கண்டார், பள்ளிக்குள் கொண்டுவந்தார், பள்ளி உருப்பட்டது என்று நடந்துவிடவில்லை.

பலகைமேல் மணலைப் பரப்பி, அதில் கடைசி வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும்படி உதவி ஆசிரியரிடம் சொன்னார் பெல். ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தெருவோரப் பிள்ளைகள் செய்வதை இங்கே செய்வதா? அவர் ஒப்புக்குச் செய்தார், பிறகு இதெல்லாம் நடக்காத காரியம் என்று கைவிரித்தார். அதே மணல், அதே பலகை, அதே பிள்ளைகள். எழுத்து மட்டும் வரவில்லை.

பெல் பிடிவாதக்காரர். மேல்வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். அந்தக் கடைசி வகுப்பை உன்னிடம் ஒப்படைக்கிறேன், மணலில் எழுத்துக் கற்றுக்கொடு என்றார். பெரியவர் முடியாது என்ற காரியத்தைச் சிறுவன் முடித்துக்காட்டினான். ஃப்ரிஸ்கனுக்கு மணல் கேவலமாகத் தெரியவில்லை. எந்த எழுத்தில் தடுக்கும், எங்கே ஆங்கில பி-யும் டி-யும் குழம்பும் என்பது அவனுக்குப் பசுமையாக ஞாபகம் இருந்தது. சமீபத்தில்தான் அவனும் அதே இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்திருந்தான்.

கருவி தன்னந்தனியாக வேலை செய்யவில்லை. அது யார் கைக்குப் போனது என்பதுதான் வித்தியாசத்தை உண்டாக்கியது. பெல் அதைப் புரிந்துகொண்ட நேரத்தில்தான் மெட்ராஸ் முறை பிறந்தது. அவர் அதோடு நிற்கவில்லை. ஃப்ரிஸ்கனிடம் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனார். மற்ற வகுப்புகளையும் பையன்களிடமே ஒப்படைத்தார். பன்னிரண்டு வயதை எட்டும்போது ஃப்ரிஸ்கன், தன்னைவிடச் சின்னவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான்கைந்து வயதுக் குழந்தைகளை ஆங்கிலம் வாசிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். கெட்டிக்காரன் பக்கத்தில் மந்தமானவன். ஒருவன் குரு, ஒருவன் சீடன். அவர்களுக்கு மேல் ஒரு துணையாசிரியன், அவனுக்கும் மேல் வகுப்பாசிரியன். எல்லோரும் பையன்களே. தப்பு செய்தவன் பெயர் ஒரு கறுப்பு நோட்டில் ஏறும். வாரம் ஒருமுறை பிள்ளைகளே பஞ்சாயத்தாக உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பு சொல்வார்கள். பாடம் சொல்கிறவனுக்கும் பாடம் நடந்தது. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே முதலில் தான் சரியாகப் படித்துக்கொண்டு வந்தான். பெல்லுக்கும் பாடம் நடந்தது. எந்தப் பாடத்தை எத்தனை துண்டாக நறுக்கினால் குழந்தைக்கு இறங்கும் என்பதை அவர் பையன்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வகுத்தார்.

திப்புவுக்கு மின்சாரம் காட்டிய மாணவன்

அந்த இல்லத்திலிருந்து வெளியே போன ஒரு பையனின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. வில்லியம் ஸ்மித். வயது 17. பெல்லின் விஞ்ஞானக் கருவிகளோடு பழகி, அவற்றை வைத்துச் சோதனைகள் செய்துகாட்டக் கற்றிருந்தான். 1794-ல், கம்பெனியிடம் பிணையாக இருந்த திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைத் திருப்பி ஒப்படைக்க கேப்டன் டவ்டன் புறப்பட்டபோது, ஸ்மித்தும் கருவிப் பெட்டியோடு கூடப் போனான்.

திப்புவின் முன்னால் மின்சாரப் பொறியைச் சுழற்றிக்காட்டினான். சுல்தானுக்கு ஒரே மகிழ்ச்சி. தன்னுடைய ஆட்கள் இருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போ என்றார். அதோடு விடவில்லை. தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் தன் பொறி ஒன்றை ஸ்மித்துக்குக் காட்டினார். எங்கள் கருவியைவிட அது தண்ணீரை அதிக உயரத்துக்கு அடித்தது என்று ஸ்மித்தே ஒப்புக்கொண்டு எழுதினான். சொல்லிக்கொடுக்கப் போன பையன் ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்பினான். மெட்ராஸ் முறைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

லண்டனில் அது ஆலையானது

உடல்நிலை காரணமாக பெல் 1796-ல் மதராஸை விட்டுப் புறப்பட்டார். மறுவருஷம் லண்டனில் ‘மதராஸ் ஆண்கள் அநாதை இல்லத்தில் செய்த கல்விச் சோதனை’ என்ற பொருளில் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். 1798-ல் லண்டன் ஆல்ட்கேட்டில் செயின்ட் பொட்டோல்ஃப் பள்ளி அதை முதலில் செய்துபார்த்தது.

அதே 1798-ல், லண்டனின் இன்னொரு மூலையில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் ஏழைப்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருக்கும் காசு இல்லை. ஆசிரியர்கள் வைக்க முடியவில்லை. பிள்ளைகளையே சட்டாம்பிள்ளைகளாக்கினார். பெல்லின் புத்தகத்துக்குக் கடன்பட்டதை 1803-ல் எழுதிய தன் நூலில் ஒப்புக்கொண்டார். பிறகு இருவருக்கும் யார் முதலில் கண்டது என்று தகராறு மூண்டது. அதற்குள் மதச்சண்டையும் புகுந்தது. ஆங்கிலத் திருச்சபை பெல்லின் பக்கம் நின்று 1811-ல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்தது. திருச்சபை சாராதவர்கள் லங்காஸ்டர் பக்கம் நின்றார்கள். சண்டையில் லாபம் அடைந்தவை பள்ளிக்கூடங்கள். இரண்டு கட்சியும் போட்டிபோட்டு ஆயிரக்கணக்கில் திறந்தார்கள்.

லங்காஸ்டர் பள்ளியின் பெரிய கூடத்தில் முதல் வரிசைக் குழந்தைகளுக்கு விளிம்பு கட்டிய மணல் மேசை. அடுத்த வரிசைகளுக்கு சிலேட்டு. ஒரு புத்தகத்தை வாங்கி, பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடுவார்கள். சுற்றி அரைவட்டமாக நின்று பிள்ளைகள் வாசிப்பார்கள். ஒரே புத்தகம் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆயிற்று. ஒரு தலைமையாசிரியர் பல நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்த்தார். செலவு மிகக் குறைவு. நீராவி எந்திரம் ஓடத் தொடங்கிய காலம் அது. கல்விக்கும் ஓர் எந்திரம் கிடைத்துவிட்டதாகக் கவிஞர் கோல்ரிட்ஜ் உட்படப் பலர் குதூகலித்தார்கள்.

குதூகலத்துக்குள்தான் கோளாறும் இருந்தது. எழும்பூரில் ஃப்ரிஸ்கன் தன் பக்கத்துப் பையனின் விரலைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தான். லண்டனில் சட்டாம்பிள்ளை கட்டளை போட்டான், நூறு சிலேட்டு ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டப்பட்டது. கேள்வி கேட்க நேரமில்லை, ஒப்பிக்கத்தான் நேரம். பேசித் தொந்தரவு செய்தவனைக் கூடையில் உட்காரவைத்து உத்தரத்தில் தொங்கவிடுவது லங்காஸ்டரின் தண்டனைகளில் ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டமும் இதற்குச் சளைத்ததல்ல. பெல்லுக்கும் ஏழைப்பிள்ளைகளைப் பற்றி அளந்து வைத்த கணக்கு ஒன்று இருந்தது. அவர்கள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் வரை சொல்லித்தர வேண்டியதில்லை, வேத வாசிப்பு வந்தால் போதும் என்ற கட்சி அவர். மணல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதை எடுத்துப் போனவர் மனம் அவ்வளவு பொதுவாக இல்லை.

மாணவர் எண்ணிக்கை முக்கியமாகிப்போன இடத்தில் கற்றல் சுருங்கியது. 1846-க்குப் பிறகு இங்கிலாந்தில் பயிற்சி பெறும் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஆசிரியராக்கும் முறை வந்தது. மெட்ராஸ் முறை மெல்ல மறைந்தது. 1832-ல் இறந்த பெல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். சேர்த்த பெரும்பணத்தைப் பள்ளிகளுக்கு எழுதிவைத்தார். சொந்த ஊரில் அதில் எழுந்ததுதான் மெட்ராஸ் காலேஜ். லங்காஸ்டரோ தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் அழைப்பில் கராகஸ் வரை போய், அங்கும் சண்டைபோட்டுக்கொண்டு, 1838-ல் நியூயார்க் தெருவில் வண்டியடிபட்டு இறந்தார்.

யாருடைய சொத்து?

மணலை மதராஸ் பள்ளியில் பார்த்ததாக பெல் மறைக்காமல் எழுதினார். ஆனால் மாணவனை மாணவனுக்கு ஆசிரியனாக்கியது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசிவரை சாதித்தார். திண்ணையில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் அதற்கு முன்பே பல தலைமுறையாக உட்கார்ந்திருந்தான். குதிரைமேலிருந்து பார்த்தவர் கண்ணில் மணல் பட்டது, சட்டாம்பிள்ளை பட்டானா என்று சொல்ல முடியாது.

இந்த வழக்கில் பெல்லுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் ஒரு கம்பெனி அதிகாரிதான். மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். மாவட்ட கலெக்டர்கள் அனுப்பிய புள்ளிகளைத் தொகுத்து 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் என்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று அவரே கணக்குப் போட்டார். பெண்பிள்ளைகள் மிகச் சொற்பம், பல சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணைப் படியேற அனுமதியே இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டிய கணக்கு இது.

நான் சொன்ன சாட்சி பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்ப்பெல். 1823-ல் அவர் அனுப்பிய அறிக்கை வெறும் எண் அல்ல, ஒரு பள்ளியின் காலைப்பொழுதே அதில் இருக்கிறது. முதலில் வந்த பையன் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி, புகழும் இல்லை இகழும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அப்படியே ஏறிக்கொண்டு போகும். முன்னேறிய மாணவர் பின்தங்கியவர்க்குச் சொல்லிக்கொடுப்பதையும், அதனால் தாங்களும் படித்ததை உறுதிப்படுத்திக்கொள்வதையும், எழுத்துப் பழக்கம் எவ்வளவு மலிவாக நடக்கிறது என்பதையும் பார்த்து வியந்து, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்றே அவர் எழுதிவிட்டார். அவர் பார்த்த அளவில் கடன் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனாலும் சாமான் சுற்றிவந்து சேர்ந்தது. வங்காளத்துச் சின்சுராவில் 1814-ல் ராபர்ட் மே என்ற மிஷனரி லங்காஸ்டர் முறைப் பள்ளிகள் திறந்தார். இந்தியப் பிள்ளைகளுக்கு அது இங்கிலாந்திலிருந்து வந்த நவீன முறையாக அறிமுகமானது. பிறகு ஆங்கிலக் கல்வி ஏறியது, திண்ணை இறங்கியது. சட்டாம்பிள்ளை வாத்தியார் இல்லாத நேரத்தில் பேர் எழுதி வைக்கிற கிளாஸ் லீடராகச் சுருங்கினான். அவனிடமிருந்த பாடம் சொல்லும் வேலை போய்விட்டது, மிரட்டும் வேலை மட்டும் மிஞ்சியது.

மறுபடியும் தரையில்

இதே சென்னையில் 2003-ல் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்தினார். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு வழிகாட்டி. 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

அந்த வகுப்பறைக்குள் போனவர்கள் மறக்க முடியாத காட்சி சுவரில் இருந்தது. கரும்பலகை மேலே, வாத்தியார் கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் இல்லை. தரையிலிருந்து பிள்ளைகளின் தோள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிலும் கறுப்பு வண்ணம் அடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எழுதலாம், அழிக்கலாம், பக்கத்துக் கட்டத்தை எட்டிப் பார்க்கலாம். ஆசிரியரும் பாயில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு ஒரு பக்கம், சக மாணவர் உதவியோடு படிக்கும் குழு இன்னொரு பக்கம், தானாகவே படிக்கும் குழு மற்றொரு பக்கம். மூன்றாம் வகுப்புப் பெண் முதல் வகுப்புப் பையனுக்கு அட்டையில் படம் காட்டிக்கொண்டிருப்பாள். குறைகளும் இருந்தன. அட்டைகள் தொலைந்தன, பதிவேடுகள் ஆசிரியர்களை வாட்டின, எல்லாப் பள்ளியிலும் ஒரே தரத்தில் நடக்கவில்லை. அதன் பிறகு திட்டங்கள் மாறி, இன்று ‘எண்ணும் எழுத்தும்’ வரை வந்துவிட்டோம்.

இப்போது ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் ஹைடெக் லேபும் அரசுப் பள்ளிகளுக்குள் வருகின்றன. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எழும்பூரின் உதவி ஆசிரியரை மறந்துவிடக் கூடாது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கல்வி நடக்காமல் பார்த்துக்கொள்ள முடியும் என்று நிரூபித்தவர் அவர். வாத்தியார் மட்டும் தொடும் ஸ்மார்ட் போர்டு, விலை கூடிய கரும்பலகை. பிள்ளைகள் தொட்டு, எழுதி, அழித்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள முடிந்தால்தான் அது மணலின் வாரிசு.

நம் காலத்தில் இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. செல்பேசியிலும் கணினியிலும் பல ஆசிரியர்களைவிடப் பிள்ளைகளுக்குக் கை வேகம். புரொஜெக்டர் ஓடாதபோது எழுந்து வந்து வயரை மாட்டுகிறவன் எட்டாம் வகுப்புப் பையன். அதைக் கூச்சமாக நினைக்கும் ஆசிரியர் ஒரு நல்ல வாய்ப்பை இழக்கிறார். கருவியை அவன் கற்றுத்தரட்டும், அதில் எதைத் தேடுவது, எதை நம்புவது என்பதை அவர் கற்றுத்தரட்டும். கணக்குச் சரியாகிவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பீரியடாவது சாக்பீஸையோ தொடுதிரைப் பேனாவையோ ஒரு மாணவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். போன மாதம் அந்தப் பாடத்தில் தடுமாறி, இப்போதுதான் பிடித்துக்கொண்ட பிள்ளையிடம் கொடுங்கள். அந்தப் பாடம் எந்த இடத்தில் தடுக்கும் என்று வகுப்பிலேயே நன்றாகத் தெரிந்தவர் அந்தப் பிள்ளைதான்.